கேம்ப் ரோட்டில் 241 கிலோ

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் தள்ளிப் பாருங்கள். சேலையூரில் நண்பர் வீட்டு வாசலில் நான் முதலில் செய்தது அதுதான். போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்கு இறங்க ஒரு சிமெண்ட் சரிவு. மழைத்தண்ணீருக்குப் பயந்து எல்லோரும் வீட்டைத் தெருவைவிட இரண்டடி, மூன்றடி உயர்த்திக் கட்டியிருப்பதால், இந்தப் பக்கத்து வீடுகளில் சரிவும் அதற்கேற்பச் செங்குத்தாகவே இருக்கும். அதன் உச்சியில் நின்றுகொண்டிருந்தது ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650. சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு நிமிர்த்தியதும் எடை என்னவென்று கைக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரோலோடு சேர்த்து 241 கிலோ. நம் தெருவில் ஓடும் ஸ்பிளெண்டர் 112 கிலோதான். அதில் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் இதற்குப் பதினேழு கிலோ குறையும்.

"முதல் கியர்ல போட்டுக்கோங்க. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு இறக்குங்க. முன் பிரேக்கை மட்டும் நம்பாதீங்க" என்றார் நண்பர். அவர் சொன்னபடியே செய்தேன். சரிவிலிருந்து தெருவுக்கு வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்போது மணி காலை ஐந்தரை.

அதற்கு முந்தைய வாரம் ஷோரூமில் இதே வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டியிருந்தேன். "சார், சானடோரியம் வரைக்கும் போய் யூ டர்ன் அடிச்சு வந்துடுங்க" என்று சாவியைக் கொடுத்தார் அங்கிருந்த தம்பி. ஜி.எஸ்.டி. ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நேராகப் போனால் எந்த க்ரூஸரும் சொர்க்கமாகத்தான் இருக்கும். இவ்வளவு விலையுள்ள வண்டியை அந்த மூன்று கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நண்பரிடம் இரண்டு நாளுக்கு வண்டியைக் கேட்டு வாங்கினேன். அவர் தயங்காமல் கொடுத்தது இந்தக் கட்டுரைக்குப் பெரிய உதவி.

'கனரக க்ரூஸர்' என்று இதைச் சொன்னால் அமெரிக்கர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகள் 300 கிலோவைத் தாண்டுகின்றன. டிரையம்ஃப் ராக்கெட் 3-இன் எஞ்சின் 2,458 சிசி, பல கார்களைவிடப் பெரியது. அவர்கள் கணக்கில் 648 சிசி என்பது நடுத்தரம். ஆனால் தாம்பரம் மார்க்கெட் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளியில் நிற்பவருக்கு 241 கிலோ என்பது கனம்தான்.

முதல் நாள் ஒரகடம் போவதென்று தீர்மானித்தேன். காரணம் எளிது. இந்த நிறுவனத்தின் ஆலை இருக்கும் ஊர் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது தொழிற்சாலை வடசென்னையில், திருவொற்றியூரில் இருந்தது. 1990-களில் நிறுவனம் ஐஷர் கைக்கு வந்தது. 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் திறந்தன. கடலோரத் திருவொற்றியூரில் வளர்ந்த தொழில், நகரத்தின் மறுமுனையில் ஏரிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் ஏதாவதொரு வண்டித் தொழிற்சாலையிலோ உதிரிபாகக் கம்பெனியிலோ வேலை செய்கிறார். அவர்களில் சிலருடைய கைபட்ட வண்டியை அவர்கள் தெருவிலேயே ஓட்டிப் பார்க்கிறோம் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

கேம்ப் ரோடு சந்திப்பைக் கடந்து, கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்கே ஏறும் மேம்பாலத்தில் போனபோது வண்டியின் எடை காணாமல் போயிருந்தது. எங்கே போனதென்று யோசித்தால் விடை உட்காரும் இடத்தில் இருக்கிறது. இருக்கை உயரம் 740 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டரில் 785. எஞ்சினும் டேங்கும் ஓட்டுபவரும் எல்லாமே தரைக்குப் பக்கத்தில். நடைவேகத்தைத் தாண்டி இருபதைத் தொட்டதும் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கிறது. ஐந்தரை அடி உயரம் உள்ளவர் இரண்டு பாதங்களையும் முழுதாகத் தரையில் ஊன்ற முடிகிறது. உயரம் குறைவு என்பதால் பெரிய வண்டி வேண்டாமென்று இருப்பவர்கள், பெண்களும்தான், ஒருமுறை இதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு வாலாஜாபாத் சாலையில் திரும்பி மண்ணிவாக்கம் தாண்டியதும் போக்குவரத்து குறைந்தது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்க அதுதான் இடம். இதில் இரண்டு பிஸ்டன்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வெடிப்பு 360 டிகிரிக்கு ஒருமுறை, ஒரே சீராக வரும். இதில் கிராங்க் 270 டிகிரி விலகி அமைந்திருக்கிறது. அதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி முதலில் 270, பிறகு 450, மறுபடி 270. தாளம் நொண்டுகிறது. பறையில் இரண்டு அடி நெருக்கமாக விழுந்து ஒரு மூச்சு இடைவெளி விட்டு மறுபடி விழுவது போல. சைலன்சர்கள் அதை அடக்கித்தான் தருகின்றன, அந்த அளவு போதும். அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தெருவையே எழுப்பும் குழாயை மாட்டுபவர்கள் இந்த எஞ்சினின் நல்ல குரலைக் கெடுக்கிறார்கள். தூங்கும் குழந்தைகளையும் நோயாளிகளையும் தொந்தரவு செய்கிறார்கள், அது சட்டப்படியும் குற்றம்.

47 குதிரைத் திறன், 52 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் முறுக்குவிசை. எண்களைவிட, அந்த முறுக்குவிசை எங்கே கிடைக்கிறது என்பது முக்கியம். ஐந்தாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினால் உதறல் இல்லாமல் இழுக்கிறது. படப்பையில் ஒரு கன்டெய்னர் லாரியைத் தாண்ட கியரைக் குறைக்கவே தேவைப்படவில்லை. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை நான்குவழிச் சாலையில்கூட இருசக்கர வண்டிக்கு மணிக்கு 80 கிலோமீட்டரைத்தான் உச்சவரம்பாக வைத்தது. ஆகவே 140 போகுமா, 150 போகுமா என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. எண்பதில் எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. ஆறாவது கியர், எண்பது, எஞ்சின் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. கைப்பிடியில் நடுக்கம் இல்லை. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறது. இந்த எண்பதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுதும் போகலாம் என்று தோன்றியது. 15.7 லிட்டர் டேங்க், என் இரண்டு நாள் கணக்கில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர். தாம்பரத்தில் நிரப்பினால் திருச்சி வரை பங்கைத் தேட வேண்டியதில்லை.

முன்பக்கம் 43 மில்லிமீட்டர் ஷோவா ஃபோர்க், தலைகீழாகப் பொருத்தியது. இந்த நிறுவனத்தின் வண்டிகளில் இந்த அமைப்பு முதலில் வந்தது இதில்தான். வளைவில் முன்சக்கரம் போட்ட கோட்டை விட்டு நகரவில்லை. பிரேக் விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் சின்ன வண்டிகளில் முன் பிரேக்கையே அதிகம் நம்பிக் கற்றவர்கள். க்ரூஸரில் எடை பின்னால் இருப்பதால் பின் பிரேக்கும் நன்றாக வேலை செய்யும். 300 மில்லிமீட்டர் டிஸ்க் அங்கே சும்மா வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வண்டி பதறாமல் உட்கார்ந்து நிற்கிறது. இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டு.

ஒரகடத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வண்டலூருக்கு வந்தபோது மணி எட்டே முக்கால். உண்மையான பரிசோதனை இங்கே ஆரம்பித்தது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. இறங்கியவர்களை ஊருக்குள் கொண்டுபோகும் மாநகரப் பேருந்துகளும் ஆட்டோக்களும் ஜி.எஸ்.டி. ரோட்டை நிரப்புகின்றன. வண்டலூரிலிருந்து பெருங்களத்தூர், இரும்புலியூர் வழியாகத் தாம்பரம் வர எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தில் முதல் கியரையும் இரண்டாம் கியரையும் தவிர வேறெதையும் தொடவில்லை. கிளட்ச் மென்மைதான், இடதுகை விரல்கள் வலிக்கவில்லை. ஆனால் காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் எஞ்சின் இது. காற்று வேண்டுமென்றால் வண்டி நகர வேண்டும். நிற்கும்போது 650 சிசியின் சூடு முழங்காலுக்குக் கீழே ஏறுகிறது. இவ்வளவு பெரிய எஞ்சின் எதுவானாலும் இப்படித்தான். சித்திரை வெயிலில், கனமான ஜீன்ஸ் இல்லாமல், இதை அன்றாட ஆபீஸ் வண்டியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். அச்சிடைத் தூரம் 1,500 மில்லிமீட்டர். ஸ்கூட்டர்கள் சந்தில் புகுந்து முன்னால் போய்விடும். நீங்கள் காருக்குப் பின்னால் காரைப் போலவே நிற்பீர்கள். அதை மனதார ஏற்றுக்கொண்டவருக்கு மட்டும்தான் இந்த வண்டி.

அடுத்தது உள்தெரு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மூடி, மேலே தார் பூசாமல் விட்ட தெருக்கள் இந்தப் புறநகரில் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். போதாததற்கு அவரவர் வீட்டுக்கு முன்னால் அவரவரே போட்டுக்கொண்ட வேகத்தடைகள். பின்சக்கர ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் அசையும் தூரம் 101 மில்லிமீட்டர்தான். இருக்கையைத் தாழ்த்தினால் அந்தத் தூரம் குறையத்தான் செய்யும், எல்லா க்ரூஸருக்கும் பொருந்தும் கணக்கு அது. இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண பைக்கில் குழி வருவது தெரிந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் எழும்பி இடுப்பைத் தூக்கிக்கொள்கிறோம். இதில் கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் எழும்ப முடியாது. குழியின் அடி நேராக முதுகெலும்புக்கு வரும். முதுகுவலி இருப்பவர்கள் டெஸ்ட் ரைடில் ஒரு மோசமான தெருவையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி 135 மில்லிமீட்டர். உயரமான வேகத்தடையில் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக, நடைவேகத்தில் ஏறி இறங்கினேன். எங்கும் தட்டவில்லை.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். மழை எச்சரிக்கை வந்தால் ஸ்கூட்டரைப் படியேற்றி ஹாலுக்குள் நிறுத்துகிறோம். 241 கிலோவை அப்படிப் படியேற்ற முடியாது. தாழ்வான தெருவில் குடியிருப்பவர், மழைக்காலத்தில் இதை எந்த மேட்டில் நிறுத்துவது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

இரண்டாம் நாள் மனைவியோடு கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். வண்டலூர் காட்டை ஒட்டிய சாலை, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கத்து மலை, பிறகு உப்புக் காற்று. இருவர் ஏறியதும் எஞ்சினில் வித்தியாசமே தெரியவில்லை. பின்னிருக்கை அவளுக்குப் பிடிக்கவில்லை. "சாய்ஞ்சுக்க ஒண்ணும் இல்லையே" என்றாள். முதுகுச் சாய்வோடு வரும் செலஸ்டியல் வகையை வாங்குவது, தம்பதியாகப் போகிறவர்களுக்கு நல்லது என்பது அவள் தீர்ப்பு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜனவரியில் அறிமுகமானபோது ஆரம்ப விலை 3.49 லட்சம், அது ஷோரூம் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்குக் கீழே 18. இந்த வரி இடைவெளி ரொம்பவே பெரியது. ஊருக்குள்ளேயே சுற்றுபவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து 350-ஐ வாங்குவதே புத்திசாலித்தனம். மாதத்தில் இரண்டு முறையாவது விடியும் முன்னால் கிளம்பி திண்டிவனம் தாண்டுகிறவருக்கு 650 கொடுத்த காசுக்கு உழைக்கும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் மேற்குத் தாம்பரத்தில் எனக்குப் பழக்கமான புல்லட் மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து உதைத்த காலத்து வண்டிகளில் கை தேர்ந்தவர். ஐடிலில் விடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "கீழ விழுந்தா தனியா தூக்கத் தெரியுமாண்ணே?" என்றார். தெரியாது என்றேன்.

அவர் சொல்லிக் கொடுத்தது இது. முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இழுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, ஹேண்டில்பாரை விழுந்த பக்கமே முழுதாகத் திருப்பிவிட வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டி இருக்கையின் ஓரத்தில் இடுப்பை வைத்துக் குந்த வேண்டும். ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை இருக்கைக்குக் கீழே ஃபிரேமில். முதுகை வளைக்காமல், கால்களால் சின்னச் சின்ன எட்டு வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே நிமிர வேண்டும். சொல்லி முடித்ததும் பட்டறையில் கிடந்த பழைய டயர் இரண்டைத் தரையில் பரப்பி, மூலையில் நின்ற தன்னுடைய 350-ஐ அவற்றின்மேல் மெல்லச் சாய்த்தார்.

"இப்ப நீங்க தூக்குங்க" என்றார்.