டோபி காட் மாடி வீட்டில் ஒரு வானொலி நிலையம்

சிபி எனப்படும் குடிமக்கள் வானொலி, 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 40 சேனல்களில் பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. அமெரிக்காவில் 1958-இல் 23 சேனல்களோடு இந்த அலைவரிசைக்கு வந்தது. 1977-இல் 40 ஆனது. ஆற்றல் வரம்பு ஏஎம் முறையில் 4 வாட், ஒற்றைப் பக்கப்பட்டை எனும் எஸ்எஸ்பி முறையில் 12 வாட். லாரி ஓட்டுநர்களின் கருவியாகவே இது பெயர் பெற்றது. ஆனாலும் வீட்டில் நிலையாக வைத்து இயக்கும் பேஸ் ஸ்டேஷன் வடிவமும் தொடக்கத்திலிருந்தே உண்டு.

பேஸ் ஸ்டேஷனுக்கென்றே செய்த பெரிய கருவி தேவையில்லை. செலவைக் குறைக்கும் முதல் வழி இதுதான்: வண்டியில் மாட்டும் கருவி ஒன்று, அதற்கு 13.8 வோல்ட் தரும் பவர் சப்ளை ஒன்று, வெளியே ஓர் ஆன்டெனா. யூனிடென் பேர்கேட் 980 இந்த வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏஎம், எஸ்எஸ்பி இரண்டும் அதில் உண்டு. ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரும் உள்ளேயே இருப்பதால் அதைத் தனியாக வாங்கும் செலவு மிச்சம். அதிலுள்ள வானிலைச் சேனல்கள் அமெரிக்க நிலையங்களுக்கானவை. ஆசியாவில் அவற்றால் பயனில்லை. இத்தகைய கருவிக்கு 5 முதல் 7 ஆம்பியர் தரும் பவர் சப்ளை போதும். டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகை கனமானது, ஆனால் இரைச்சல் தராது. சுவிட்சிங் வகை மலிவு. அதன் இரைச்சல் 27 மெகாஹெர்ட்ஸில் கரகரப்பாகக் கேட்கும். பழைய கணினியின் பவர் சப்ளையை மாற்றிப் பயன்படுத்துவதில் லாபம் குறைவு. 12 வோல்ட்டில் கருவி முழு ஆற்றல் தராது, இரைச்சலும் கூடவே வரும்.

சிங்கப்பூரில் இந்த நிலையத்தை அப்படியே மாட்டிவிட முடியாது. இங்கே வானொலிக் கருவி எதையும் இயக்க உரிமம் வேண்டும். குறைந்த ஆற்றல் கொண்ட, அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்கு மட்டுமே விலக்கு. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இதைக் கண்காணிக்கிறது. இணையத்தில் வாங்கிய கருவியானாலும் விதி அதேதான்.

கடற்பாலத்துக்கு அப்பால் நிலைமை வேறு. மலேசியா 2000 ஏப்ரலில் வெளியிட்ட வகுப்பு ஒதுக்கீட்டின் கீழ் 27 மெகாஹெர்ட்ஸின் 40 சேனல்களையும், 477 மெகாஹெர்ட்ஸ் அருகே 5 வாட் வரம்புள்ள 39 சேனல்களையும் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இந்தோனேசியாவில் 1980 நவம்பர் 10 முதல் ராபி என்ற அமைப்பு சிபி பயனர்களை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது. இந்தியா 2005-இல் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமத்திலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் ஆற்றல் 5 வாட்டுக்குள் இருக்க வேண்டும், ஆன்டெனா கருவியோடு சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையால் கூரை ஆன்டெனா வைத்த வீட்டு நிலையம் அங்கே விலக்குக்குள் வராது.

சிங்கப்பூர் நகர மையத்திலுள்ள டோபி காட் வாசிக்குத் திறந்திருக்கும் கதவு அமெச்சூர் உரிமம், அதாவது ஹாம் வானொலி. தேர்வு எழுதித் தேறினால் 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். காலனி ஆட்சிக் காலத்தில் அது விஎஸ்1 என்று இருந்தது. சிங்கப்பூர் அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்மிட்டிங் சொசைட்டி புதியவர்களுக்கு வழிகாட்டுகிறது. ஹாம்களின் 10 மீட்டர் அலைவரிசை 28 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. சிபிக்கு அடுத்த வீடு. ஆன்டெனா கணக்கு, கேபிள், இரைச்சல், அலை பயணிக்கும் விதம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு பேசும் ஆட்களில்தான்: ஹாம் உரிமத்தை வைத்துக்கொண்டு 27 மெகாஹெர்ட்ஸில் சிபிக்காரரை அழைக்க முடியாது. கருவியாக, பழைய ஐகாம் ஐசி-718 போன்ற எளிய சிற்றலைக் (ஹெச்எஃப்) கருவி ஒன்றை ஓய்வு பெறும் ஹாமிடமிருந்து வாங்குவது சிக்கனம். அது 100 வாட் கருவி. முழு ஆற்றலுக்கு 20 ஆம்பியர் கேட்கும். மாடி வீட்டில் 10 வாட்டுக்குக் குறைத்து வைப்பதே அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது, சின்ன பவர் சப்ளையும் தாங்கும்.

டோபி காட்டின் அமைப்பையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஃபோர்ட் கேனிங் குன்று, மறுபக்கம் மவுண்ட் எமிலி. நடுவில் ஓடிய பிராஸ் பாசா ஓடையில்தான் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்தார்கள். இடத்துக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். ஓடை இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் நிலையத்துக்கு உயரம்தான் துணை. 1963-இல் இங்கே கட்டி முடித்த சிலிகி ஹவுஸின் 20 மாடிகளில் நான்காவது மாடிக்கும் பதினெட்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த விலையுயர்ந்த கருவியும் ஈடுகட்டாது. ஒலிபரப்பும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1939-இல் எழுந்த கேத்தே கட்டடத்தில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஒலிபரப்புத் துறை இயங்கியது.

நிலையத்தின் உயிர் ஆன்டெனாவில் இருக்கிறது. பணத்தைக் கருவியில் கொட்டிவிட்டு ஆன்டெனாவில் மிச்சம் பிடிப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மிகச் சிறந்த மலிவு ஆன்டெனா இரண்டு செப்புக் கம்பிகளால் ஆன டைபோல். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். சிபிக்கு நடுவே 27.185-இல் அது 5.26 மீட்டர், 28.4-இல் 5.04 மீட்டர். சிபிக்கு வெட்டிய கம்பியில் ஒவ்வொரு கையிலும் 11, 12 சென்டிமீட்டர் குறைத்தால் ஹாம் ஆன்டெனா ஆகிவிடும். முதலில் சற்று நீளமாக வெட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எஸ்டபிள்யூஆர் கீழ்ச் சேனல்களில் அதிகமாகவும் மேல் சேனல்களில் குறைவாகவும் காட்டினால் கம்பி குட்டை. தலைகீழாக இருந்தால் நீளம். 1.5-க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடலாம். 2-இல்கூட 11 சதவீத ஆற்றல்தான் திரும்புகிறது; 3-இல் 25 சதவீதம், அங்கே கருவிக்கு ஆபத்து.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஐந்து மீட்டர் கம்பியை எங்கே கட்டுவது? வெளிச்சுவரில் அனுமதியின்றி எதையும் பொருத்தக் கூடாது. மாடியிலிருந்து பொருள் விழுந்தால் உயிர் போகும், சட்டமும் கடுமை. வீட்டுக்குள்ளேயே கட்டினால் கான்கிரீட்டிலுள்ள எஃகுக் கம்பிகள் அலையை மறித்துவிடும். ஹாம்கள் கையாளும் வழி ஃபைபர்கிளாஸ் தூண்டில் கழி. 2.5 மீட்டர் கம்பியை அதன் மேல் ஓட்டி, அதே நீளத்தில் இன்னொரு கம்பியைத் தரையோரம் விட்டால் கால் அலை ஆன்டெனா தயார். ஜன்னல் வழியே சாய்த்து நீட்டி, கழியை உள்ளே கயிற்றால் இறுகக் கட்டி, பேசி முடித்ததும் இழுத்துக்கொள்ள வேண்டும். துணி காயப்போடும் மூங்கில் கழி பார்வைக்குப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் மழையில் நனைந்ததும் ஆன்டெனாவின் அளவு பிசகும், எடையும் கூடும். வீவகவிடமோ நகர மன்றத்திடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கேபிளில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 27 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.2 டெசிபெல்தான் விழுங்கும்: 4 வாட் புறப்பட்டால் 3 வாட் ஆன்டெனாவைச் சேரும். மறுமுனையில் இருப்பவரின் காதுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இதே கேபிளை மலேசியாவின் ஜொகூர் பாருவிலுள்ள உறவினர் வீட்டில் 477 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் கதை மாறும். 5 வாட்டில் 1.5 வாட் அளவே மேலே போகும். அங்கே கால் அலை ஆன்டெனா 16 சென்டிமீட்டர்தான், கேபிள்தான் செலவு. கேபிளும் பிஎல்-259 கனெக்டரும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையமும் வாங்க சிம் லிம் டவர் நடந்து போகும் தூரம். கனெக்டர் நீர் புகாதது அல்ல. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றாவிட்டால் சிங்கப்பூர் மழை கேபிளுக்குள் இறங்கிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தும் கேட்பது இரைச்சல் மட்டுமே என்றால், காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கருவியை பேட்டரியில் ஓடவிட்டு, மின்பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்க்க வேண்டும். எல்ஈடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், வைஃபை பெட்டியின் அடாப்டர் என்று குற்றவாளி பிடிபடும். ஃபெரைட் வளையத்தில் வயரைச் சில சுற்று சுற்றினால் பாதிக்கு மேல் அடங்கும். விட்டுவிட்டு வரும் டிக் டிக் ஒலியை நாய்ஸ் பிளாங்கர் வெட்டும். லிஃப்ட் மோட்டார், பக்கத்து வீட்டு விளக்கு தரும் தொடர் கரகரப்பின் முன் அது செயலற்றது. அங்கே எஸ்எஸ்பிக்கு மாறுவதே வழி. அது ஏஎம்மில் பாதி அகலமே எடுத்துக்கொள்வதால் இரைச்சலும் பாதியாகக் குறைகிறது. விலை குறைவென்று ஏஎம் மட்டுமுள்ள கருவியை வாங்குவது நகர மையத்தில் வீண்.

நகருக்குள் தரையோடு செல்லும் அலை சில கிலோமீட்டரைத் தாண்டினாலே நல்ல பலன். சூரியக் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் பகல் நேரத்தில் அயனி மண்டலம் 28 மெகாஹெர்ட்ஸையும் திருப்பி அனுப்பும். அப்போது 10 வாட்டும் தூண்டில் கழியும் கடல் தாண்டிப் பேசும். தற்போதைய சூரியச் சுழற்சி 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. இனி வரும் ஆண்டுகளில் இந்த வாய்ப்பு மெல்லக் குறையும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. மாடி வீட்டில் முறையான தனி எர்த் போட வழியில்லை. தண்ணீர்க் குழாயில் கட்டுவது தவறு. வானம் கறுத்ததும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி, கழியை உள்ளே இழுத்து, மின்செருகியையும் பிடுங்கிவிட வேண்டும்.