கிழிந்த ஏடும் உயர்ந்த கைகளும்

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமி (1940–2016), சிறுவர் மற்றும் இளையோரின் அறிவு வளர்ச்சிக்கான ‘கானூன்’ நிறுவனத்திற்காக 1975இல் இயக்கிய ‘ஒரு பிரச்சினைக்கு இரு தீர்வுகள்’ ஏறத்தாழ ஐந்து நிமிடப் பரிசோதனைக் குறும்படம். நாதிரிடம் இரவல் வாங்கிய ஏட்டைத் தாரா கிழிந்த நிலையில் திருப்பித் தருகிறான். அவ்விடத்தில் கதை இரண்டாகப் பிரிகிறது. முதல் தீர்வில் பழிக்குப் பழி மூண்டு, இருவரின் பொருட்களும் ஒவ்வொன்றாய் நாசமாகின்றன, ஈற்றில் கைகலப்பு. இரண்டாவதில் தாரா பசை கொண்டு ஏட்டை ஒட்டிக் கொடுக்கிறான், நட்பு நிலைக்கிறது.

அண்மையில் நாம் கலந்துகொண்ட ஒரு திரையிடலில், ஏடு கிழிந்திருப்பது தெரியவந்ததும் படத்தை நிறுத்தினார்கள். நாதிர் பழிவாங்க வேண்டுமா, மன்னிக்க வேண்டுமா எனக் கேட்டு, அவையோரைக் கையுயர்த்தச் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லாக் கைகளும் மன்னிப்புக்கே உயர்ந்தன. பார்வையாளரைப் பங்காளியாக்கும் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவ்வினா படத்தின் மையத்தைத் தவறவிட்டது. இரண்டாவது தீர்வைச் சாத்தியமாக்குவது, கிழித்தவன் பசையைக் கையில் எடுப்பதாகும். அவையோ பாதிக்கப்பட்டவனுக்கே உபதேசம் செய்தது; தாராவின் கடமை குறித்து எவரும் கேட்கவில்லை.

அல்குர்ஆனின் அஷ்ஷூரா அத்தியாயம் (42:40) தீமைக்கு நிகரான பதிலை உரிமையாக ஏற்று, அதனினும் மேலான நிலையில் மன்னிப்பையும் சீர்செய்தலையும் வைக்கிறது. உரிமை ஒப்புக்கொள்ளப்பட்ட இடத்தில்தான் விட்டுக்கொடுத்தல் மாண்பு பெறும். சக மனிதரின் உரிமை பாதிக்கப்பட்டிருப்பின், அதனை மீளளிப்பதும் தவ்பாவின் நிபந்தனை என நம் அறிஞர்கள் வகுத்துள்ளனர். நமது குடும்பப் பிணக்குகளிலும் மஹல்லா சமரசங்களிலும் நடப்பதென்ன? நலிந்தவரைப் பொறுத்துப்போகச் சொல்லிவிட்டு, இழப்பை ஈடுசெய்ய வேண்டியவரை ஸலாத்துடன் அனுப்பிவைக்கிறோம். அன்று அரங்கில் உயர்ந்த கைகளில் இப்பழக்கத்தையே நாம் கண்டோம்.

கியாரொஸ்தமியே வேறொரு வழி காட்டியுள்ளார். 1979இல் வெளிவந்த அவரது ‘முதல் நிலை, இரண்டாம் நிலை’ படத்தில், வகுப்பில் ஓசை எழுப்பியவன் யாரெனத் தெரியாததால் ஆசிரியர் மாணவர் சிலரை வெளியேற்றுகிறார். தோழனைக் காட்டிக்கொடுப்பதா, மௌனம் காப்பதா? பெற்றோருக்கும் பொதுவாழ்வில் உள்ளோருக்கும் அக்காட்சிகளைத் திரையிட்டு, ஒவ்வொருவரும் கமெராவை நோக்கித் தம் நியாயத்தைச் சொல்லப் பதிவுசெய்து, அப்பதில்களையே படத்தின் பகுதியாக்கினார். பிற்பாடு அப்படம் தடைசெய்யப்பட்டது. கூட்டத்தோடு உயர்த்திய கையை எவரும் மறந்துவிடலாம். முகம் காட்டிச் சொன்ன சொல்லுக்கு உரியவர் பொறுப்பேற்க வேண்டும். சாட்சியத்தின் இலக்கணமும் அதுவே.

பங்கேற்புத் திரையிடலை நடத்துவோர் கைகளை எண்ணுவதோடு நின்றுவிடாது, எழுந்து காரணம் கூறவும் இடமளிக்க வேண்டும். நாதிரைப் பற்றிக் கேட்குமுன், ஏட்டைக் கிழித்தவன் செய்ய வேண்டியது என்னவென்று கேட்க வேண்டும். அரங்கில் அமர்ந்திருந்த நம்முள் தாராக்களும் இருந்தோம் அல்லவா?