சேலம் பீபி இறங்கிய கரை

மாசசூசெட்ஸிலும் ஒரு சேலம் உண்டு. 1692இல் சூனியக் குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட ஊர். பாரதி முகர்ஜியின் ‘தி ஹோல்டர் ஆஃப் தி வேர்ல்டு’ (1993) நாவலின் நாயகி ஹன்னா வளர்வது அந்தச் சேலத்தில்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு கப்பலேறுகிறாள். சோழமண்டலக் கரையில் இறங்குகிறாள். இந்து அரசன் ஒருவனின் காதலியாகி, ஔரங்கசீப்பின் எதிரில் போய் நிற்கிறாள். நாவலுக்குள் வரும் முகலாயச் சிற்றோவியங்களில் அவள் பெயர் ‘சேலம் பீபி’. முகலாய உடையில் ஓர் ஐரோப்பியப் பெண் நிற்கும் பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்ததில்தான் இந்த நாவல் முளைத்தது.

பாரதி என்றதும் நமக்கு முறுக்கு மீசைதான் நினைவுக்கு வரும். இந்தப் பாரதி முகர்ஜி 1940இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1961இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறைக்குப் படிக்கப் போனார். அங்கே உடன் படித்த கிளார்க் பிளேஸை 1963இல், ஒரு மதிய உணவு இடைவேளையில், காபிக்கடை மாடியிலிருந்த வக்கீல் அலுவலகத்தில் மணந்தார். அப்பா பார்த்து வைக்கவிருந்த பிராமண மாப்பிள்ளை அத்தோடு போனார். பிறகு கனடாவில் ஆசிரியப் பணி, 1980இல் அமெரிக்கா திரும்பல், 1989 முதல் பெர்க்லியில் பேராசிரியர். 2017இல் மறைந்தார்.

இவரைப் ‘பன்பண்பாட்டு எழுத்தாளர்’ என்று பாடத்திட்டங்கள் வகைப்படுத்துகின்றன. அந்தச் சொல்லோடுதான் இவர் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார். கனடா 1971இல் பன்பண்பாட்டைத் தன் அரசுக் கொள்கையாக்கியது. அந்த நாட்டின் தெருக்களில் தான் பட்ட நிறவெறி அவமதிப்புகளை 1981இல் ஒரு கட்டுரையில் கொட்டித் தீர்த்தார். ஒவ்வொரு இனத்தையும் அதனதன் பெட்டியில் வைத்துப் பாராட்டுவது ஒதுக்கி வைப்பதன் இன்னொரு பெயர் என்பது அவர் கட்சி. 1985இல் ஏர் இந்தியா கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் மாண்டபோது அது அவருக்கு இன்னும் உறுதிப்பட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் கனடியர்கள். ஆனால் அதை இந்தியாவின் துக்கமாகவே கனடா பார்த்தது. கணவரோடு சேர்ந்து அதைப் பற்றி ஒரு நூலும், தனியாக ‘தி மேனேஜ்மென்ட் ஆஃப் கிரீஃப்’ என்ற கதையும் எழுதினார். அவர் எழுதியதில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்பவருக்கு அந்தக் கதையைச் சொல்வேன்.

அவர் அமெரிக்கா திரும்பிய 1980களில் அங்கே சிக்கன நடைக்குத்தான் மவுசு. சமையலறை மேசை, ஒரு தம்பதி, சொல்லாமல் விட்ட வார்த்தை. தெரிந்ததை எழுது என்பது பட்டறை வகுப்புகளின் பழைய பாடம். குடியேறியவனுக்கு இந்த எலும்பு நடை போதாது, அவன் கதைக்குக் கண்டங்களும் நூற்றாண்டுகளும் வேண்டும் என்று 1988இல் முகர்ஜி வாதிட்டார். வரலாற்று நாவலின் பக்கம் அவரைத் தள்ளியது இந்த வாதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பறையும் வரலாறும் கைகோத்த காலம் அது. டோனி மாரிசன் பிரின்ஸ்டனுக்குப் பாடம் நடத்தப் போகும் முன்பே, தப்பியோடிய அடிமைத் தாய் மார்கரெட் கார்னரின் 1856ஆம் ஆண்டுச் சம்பவத்திலிருந்து ‘பிலவ்ட்’ (1987) எழுதியிருந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜான்சன் ‘மிடில் பாசேஜ்’ (1990) நாவலில் அடிமைக் கப்பலுக்குள் அல்முசேரி என்றொரு ஆப்பிரிக்க இனக்குழுவையே கற்பனையாகப் படைத்து ஏற்றினார். இல்லாத இனத்தின் மொழி பிசகிவிட்டது என்று யாரும் கேட்க முடியாது. கெட்டிக்காரத்தனம்தான்.

முகர்ஜிக்கு அந்த வசதி இல்லை. கோட்டைக்குச் செயின்ட் செபாஸ்டியன் என்று கற்பனைப் பெயர் வைத்தாலும் கரை நிஜக் கரை. பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். இங்கே சேர்த்த செல்வத்தில் ஒரு பங்கைக் கொண்டுதான் கனெக்டிகட்டின் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. சிறுவயதிலேயே இறந்த அவர் மகன் டேவிட்டின் கல்லறைத் தூண் பாரிமுனையில், பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எழுந்தது. அமெரிக்காவின் கதை அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை என்று முகர்ஜி சொல்வது வெறும் கற்பனை வீச்சு அல்ல.

ஆனால் நம் காதுக்கு எங்கோ இடறுகிறது. ஹன்னாவின் அரசன் ஜாதவ் சிங். பணிப்பெண் பாக்மதி. செட்டி வணிகர்கள் ஓரமாக வந்து போகிறார்கள். கதையின் நடுக்கூடத்தில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. இதே கரையின் புதுச்சேரியைப் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’ நாவலில் எழுப்பியபோது கையில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருந்தது. துபாஷி ஒருவர் தமிழில் எழுதி வைத்த பக்கங்கள். அங்கே துணி விலையும் சாதிச் சண்டையும் துரையின் கோபமும் உள்ளூர்க்காரர் வாய்வழியே கேட்கும். பிரபஞ்சனுக்குப் பட்டறையும் இல்லை, பேராசிரியர் நாற்காலியும் இல்லை. முகர்ஜி கரையைப் பார்த்தது கப்பல் மேல்தளத்திலிருந்து. பிரபஞ்சன் பார்த்தது திண்ணையிலிருந்து.

சொந்த மண்ணுக்குத் திரும்பியபோது முகர்ஜிக்கு இந்த இடறல் இல்லை. ‘டிசையரபிள் டாட்டர்ஸ்’ (2002), ‘தி ட்ரீ பிரைட்’ (2004) இரண்டிலும் மணநாளன்று மாப்பிள்ளை பாம்பு கடித்து இறக்க, ஐந்து வயதுச் சிறுமியைத் தகப்பன் ஒரு மரத்துக்கு மணமுடித்து வைக்கிறார். கிழக்கு வங்கக் காட்டின் அந்த இரவில் ஒரு பெயரும் பிசகவில்லை.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் படிப்பது பிசகிய நாவலைத்தான். அதில் சேலம் பீபியைத் தேடுகிறவள் பே மாஸ்டர்ஸ் என்ற இன்றைய அமெரிக்கப் பெண். தொலைந்த வைரம் ஒன்றும் அவள் தேடலில் சேர்த்தி. கணினி வழியாகப் பழைய காலத்துக்குள் நுழைய அவளுக்கு நிரல் எழுதித் தருகிற காதலன் பெயர் வென் ஐயர். தமிழ் மணக்கும் பெயர் கரையில் இல்லாமல் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் அந்த நிரல் பே மாஸ்டர்ஸைப் பாக்மதியின் உடலுக்குள் கொண்டு போய் விடுகிறது. வைரம் அரசனிடமும் இல்லை, ஹன்னாவிடமும் இல்லை. பணிப்பெண் தன் வயிற்றைக் கீறி உள்ளே புதைத்துக்கொள்கிறாள்.