சான்றிதழுக்காக ஓர் ஆலோசனை

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கு, 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி நடக்கிறது. 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 106ஆம் பிரிவு, கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் விலக்குக் கோரினால் முதலில் சமரசக் குழுவிடம் போகச் சொல்கிறது. தேசியப் பதிவுத்துறையின் திருமணத் தீர்ப்பாயம் அத்தகைய ஒன்று. சமய, சமூக அமைப்புகளின் குழுக்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆறு மாதத்தில் சிக்கல் தீராவிட்டால் குழு சான்றிதழ் தரும். அதைக் கொண்டுதான் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

இந்த ஏற்பாட்டில் நன்மை இல்லாமல் இல்லை. தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வாதாட முடியாது. தம்பதியர் இருவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் கடைசிவரை கேட்க நேர்வதே சில குடும்பங்களில் புதிது. குறை, காலத்தில் இருக்கிறது. பிரிவதென முடிவெடுத்தபின் வருபவருக்கு ஆலோசனை வெறும் தாள் வேலை. இன்னொரு முரணும் உண்டு: இருவரும் ஒத்து மனுச் செய்தால் 52ஆம் பிரிவின்படி இந்தக் கட்டமே தேவையில்லை. பேசி ஒரு முடிவுக்கு வரத் தெரிந்தவர்கள் விலக்குப் பெற, பேச்சே முறிந்தவர்கள்தான் எதிரெதிரே உட்கார்த்தப்படுகிறார்கள்.

முறையான தம்பதியர் சிகிச்சை எவ்வளவு உதவும்? அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் குழுவினர், மிகுந்த மனக்கசப்பிலிருந்த 134 தம்பதியருக்குச் சிகிச்சை தந்து தொடர்ந்து ஆய்ந்தனர். ஐந்தாண்டுக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேரின் உறவு குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தது. கால்வாசிப் பேர் பிரிந்திருந்தனர். அவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள் என்பதால் இக்கணக்கைத் தீர்ப்பாயத்துக்கு வருவோர்மீது அப்படியே ஏற்ற முடியாது.

ஒருவர் விலக விரும்பி மற்றவர் சேர்ந்திருக்க விரும்பும் நிலைக்கு அங்கேயே வில்லியம் டோஹர்ட்டி வேறொரு முறை வகுத்தார். அதிகபட்சம் ஐந்து அமர்வு. பெரும்பகுதி தனித்தனியே உரையாடல். ஒட்டவைப்பது நோக்கமன்று. இருப்பது இருந்தபடி இருக்கட்டுமா, பிரிவதா, ஆறு மாதம் முழுமூச்சாக முயன்று பார்ப்பதா என்று தெளிவதே நோக்கம். மலேசியச் சட்டம் தரும் காலமும் அதே ஆறு மாதம் என்பதால் இம்முறை இங்கு நன்றாகவே பொருந்தும்.

வன்முறை நடந்த வீட்டில் கணக்கு வேறு. அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழலாம். விதிவிலக்கான சூழலில் குழுவைச் சந்திக்காமலே மனுச் செய்யச் சட்டம் இடம் தந்தாலும், அதைத் தெரிந்து கேட்க வேண்டியவர் அடிபட்டவரே. 1982இல் தொடங்கிய மகளிர் உதவி அமைப்பு போன்றவற்றின் துணை இங்கே சமரசத்தைவிட அவசரமானது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழர்களுக்குக் குடும்பப் பெரியவர்களின் பஞ்சாயத்தும் பழக்கமானதே. செலவில்லை, இரு வீட்டையும் அறிந்தவர்கள், பிள்ளைச் செலவுக்குக் கணவனை நெருக்கவும் முடியும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் திருமணம் நிலைத்தால் போதுமென்றே நினைப்பவர்கள். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்ற ஆலோசகருக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு. பெரியவர்களுக்கு அது இல்லை. சமூகக் குழுவில் மனம்விட்டுத் தமிழில் பேசலாம்தான். ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் குழு உறுப்பினரை அடுத்த வாரம் கோயில் திருவிழாவில் பார்க்க நேரும் என்றால், எவ்வளவு சொல்வதென்று பேசுபவர் யோசிக்கவே செய்வார்.