வாசலோரம் உட்காருங்கள்

கடைக்குள் குளிர்சாதன அறை இருந்தாலும் அங்கே போய் அடைந்துகொள்ளாதீர்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், சின்னச் சாப்பாட்டுக் கடை எதுவானாலும் நல்ல இடம் வாசலோர மேசைதான். தேநீர் ஆற்றுபவரும் ரொட்டி போடுபவரும் பெரும்பாலும் தெருவைப் பார்த்தே நிற்கிறார்கள். வெயில் கொஞ்சம் படும், பாட்டுக் கடையின் ஒலிபெருக்கியும் காதைத் துளைக்கும். பரவாயில்லை.

உட்கார்ந்ததும் மெனுவைத் தேடாமல் மணியைப் பாருங்கள். காலையில் ரொட்டி சானாயும் தோசையும். மதியம் வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் வடை, சமோசா. நாலு மணிக்குப் போய்ச் சோறு கேட்டாலும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்குள் ரசம் சுண்டி உப்பேறியிருக்கும், அப்பளம் நமுத்திருக்கும். கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரொட்டி சானாய் நம்மூர்ப் பரோட்டாவின் உறவுக்காரர்தான், ஆனால் குணம் வேறு. எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி விரித்து, மடித்துக் கல்லில் போடுவார்கள். வெந்ததும் அடுக்குகள் பிரிய இரு கைகளாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்குவார்கள். அந்தச் சத்தத்துக்குக் காத்திருங்கள். அது கேட்காமலே தட்டு வந்துவிட்டால், ரொட்டி எப்போதோ போட்டு அடுக்கியதாக இருக்கலாம். முதல் தடவை ‘கோசோங்’ கேளுங்கள். உள்ளே எதுவும் வைக்காத வெறும் ரொட்டி. முதல் துண்டைப் பருப்புக் கறியில் தோய்க்காமலே வாயில் போடுங்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே இளக்கமும் இருந்தால், அந்தக் கைக்கு இன்னொரு ரொட்டி சொல்லலாம்.

தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீரில் டின் பால் சேர்கிறது, அதனால் இனிப்பு தூக்கலாகத்தான் இருக்கும். முகத்தைச் சுளிக்க வேண்டாம், மீன் கறியின் உறைப்புக்கு எதிரே வைத்துக் குடிக்கிற பானம் அது. உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவது வேடிக்கை காட்ட மட்டுமல்ல. சூடு தணிகிறது, பால் நன்றாகக் கலக்கிறது, நுரை நிற்கிறது. நுரை அடங்குமுன் பாதியாவது குடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

கண்ணுக்கு வேலை முடிந்தால் காதைக் கொடுங்கள். சீனப் பாட்டி மலாயில் தோசை சொல்வார், ‘அண்ணே’ என்று கூப்பிடுவார். பரிமாறுபவர் தட்டையும் கிளாஸையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டுச் சீட்டில் கணக்கெழுதுவார். பணத்தைக் கல்லாவில் கொடுக்க வேண்டும்.

இலைச் சாப்பாட்டோடு இந்தத் தெருக்களின் ருசி முடிந்துவிடாது, அதற்குப் பின்னே பழைய கதையும் இருக்கிறது. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் தண்டு சுமந்து, அதன் இரு முனைகளிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். அதுதான் நாசி கண்டார். பக்கத்திலேயே கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இருக்கிறது. அங்கே கறிகளைத் தனித்தனியாகக் கேட்கும் சுத்தக்காரர்கள் பாதியை இழக்கிறார்கள். கோழி, மீன், மாட்டிறைச்சிக் குழம்புகள் சோற்றின்மேல் ஒன்றாகக் கலந்து ஊறட்டும், ‘பன்ஜிர்’ என்று சொல்லுங்கள்.

எந்தக் கடைக்குப் போவது? இந்தத் தெருக்கள் முன்போல் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் நீங்கியது. கடைவீடுகளின் மாடியில் வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டம் வந்தது, பின்னாலேயே கேமராக்களும் வந்தன. ஆகவே வாசலில் நிற்கும் சுற்றுலாக் கூட்டத்தை நம்பாதீர்கள். புடவைக் கடைப் பெண்களும் பணம் மாற்றுபவர்களும் பூக்கட்டுகிறவர்களும் மதியம் எந்தக் கடைக்குள் நுழைகிறார்கள் என்று பார்த்து, பின்னாலேயே போங்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் குறைவு. இடத்துக்கு ஆள் காத்திருந்தால் இலையை மடித்ததும் எழுந்துவிடுங்கள். தே குடிக்க அடுத்த கடை இருக்கிறது.