வரகு முறுக்கு

பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளில் விளையும் வரகை அதன் முறுக்குக்காகவே கொண்டாடலாம். அரிசி முறுக்கைவிட நிறம் கொஞ்சம் மங்கல். கடித்தால் பொலபொலவென்று உதிரும். லேசான கசப்போடு ஒரு மணம் நாக்கில் நிற்கும். வரகு மாவு, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு, வெண்ணெய், எள், ஓமம், உப்பு, வெந்நீர். அவ்வளவுதான்.

வரகில் குளூட்டன் கிடையாது. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள அந்தப் புரதம் சீலியாக் நோய் உள்ளவர்களின் சிறுகுடலைப் பாழாக்கும். கோதுமையை நிறுத்தினால் குழந்தைகள் தேறுகிறார்கள் என்று 1950-இல் தன் ஆய்வேட்டில் எழுதியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சு மருத்துவர். இன்று பெருநகரங்களில் சீலியாக் உள்ளவர்களுக்கென்றே தனி பேக்கரிகள் இருக்கின்றன. கோதுமையே உள்ளே வராத அடுப்பு எவ்வளவு பெரிய நிம்மதி! இந்தியாவில் குளூட்டன் இல்லாதது என்று விற்க, அதில் உள்ள குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஆகவே வரகு வாங்கினால் மட்டும் போதாது. மில்லில் முந்தின ஆள் கோதுமை அரைத்திருந்தால் அது நம் மாவிலும் கலந்துவிடும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும்; அதனால்தான் ஓமத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறேன். பிரெட் என்றால் மாவுக்கு இழுவை வர இசப்கோல் உமி சேர்க்க வேண்டும். முறுக்குக்கு அந்த வேலையே இல்லை. வரகைக் கழுவி நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்து, சலித்து, புது எண்ணெயில் பிழிந்தால், சீலியாக் உள்ள பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம்.