சிவநாமம் அறுபடும் இடம்

மாரடைப்புக்குப் பின் நடைப்பயிற்சி செய்பவருக்கான இதயக் கண்காணிப்பு முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கருவியே தேவைப்படாத பேச்சுச் சோதனைதான். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். உழைப்பு ஓர் அளவைத் தாண்டியதும், சேரும் கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு விரைகிறது. பேச்சுக்கு மூச்சு மிஞ்சுவதில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்களின் வாயில் ஏற்கெனவே சிவநாமம் இருக்கிறது. அது எந்த ஏற்றத்தில் அறுபடுகிறது என்று கவனித்தால் போதும்.

கைக்கடிகாரமே எண்ணைச் சொல்லிவிடுமே என்பார்கள். அது தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் உறிஞ்சியது போக மீள்வதை அளக்கிறது. பட்டை தளர்ந்து கை வீசினால் கணக்கு தடுமாறும். சரியாகவே காட்டினாலும், பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைத் தணித்து வைத்திருக்கும். 220-இல் வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணிக்கும் முறை அதை உட்கொள்பவருக்குப் பொருந்தாது. சுவீடனின் குன்னர் போர்க் 6 முதல் 20 வரையிலான அளவுகோலில் உழைப்பை நோயாளியையே மதிப்பிடச் சொன்னது எவ்வளவு பெரிய மரியாதை!

சீரற்ற துடிப்பை நாமம் காட்டுமா என்பது வலுவான கேள்வி. காட்டாது. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலிகூடத் தெரியாமல் போகலாம். அதனால்தான் தொடக்க வாரங்களில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, மார்பில் ஒட்டிய ஈ.சி.ஜி. மின்முனைகளும் அருகில் மருத்துவக் குழுவும் வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகும் பௌர்ணமி இரவுக் கிரிவலம் வேண்டாம். அன்று கூட்டம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். சாதாரண நாளின் விடியற்காலையில், மருத்துவர் சொன்ன தூரம் மட்டும் நடக்கலாம்.